பச்சைக் கேடயம்

அத்தியாயம் பதினான்கு

அழுத்திவிட்டாள்.

போன வாரம், 'அனுப்பு' என்ற பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்த பூட்டை நாம் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். நாம் இந்தப் பக்கம் திரும்பியதும் அவள் அழுத்திவிட்டாள். இன்னும் ஐந்து நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசித்திருந்தால் எனக்கு இந்த வாரம் எழுத வேறு கதை தேட வேண்டியிருந்திருக்கும், அந்த வீடும் நிம்மதியாக இருந்திருக்கும்.

பூட்டு என்பது வீட்டில் வைத்த பெயர். சின்ன வயதில் பென்சில் டப்பாவுக்குக்கூடப் பூட்டுப் போட்டு, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தவளுக்கு அண்ணன் வைத்த பெயர். லிஃப்ட் தயாரிக்கும் கம்பெனியில் கம்ப்யூட்டர் வலையைக் காவல் காக்கும் நெட்வொர்க் அட்மினாக அவள் சேர்ந்தபோது, "பேருக்கு ஏத்த உத்தியோகம்" என்று விழுந்து விழுந்து சிரித்தவனும் அவன்தான். அதே கம்பெனியில் அவன் டிராஃப்ட்ஸ்மேன். லிஃப்ட் ஏறி இறங்க எவ்வளவு இடம் விட வேண்டும், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், மோட்டாரை எங்கே உட்கார வைக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது அவன் வேலை. முதுகுவலி வந்த பிறகு வீட்டிலிருந்தே வரைகிறான்.

பூட்டு மேலாளருக்கு அனுப்பிய அறிக்கை அந்த அண்ணனைப் பற்றித்தான்.

ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்றுக்கான பெரிய ஆர்டர், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல், கடைசி நேரத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டது. ஆபீஸில் எல்லாரும் அவர்களை அக்கரைக் கம்பெனி என்றுதான் சொல்வார்கள். "நம்ம வரைபடத்தை யாரோ அவங்களுக்குக் கொடுத்திருக்காங்க. யாருன்னு பாருங்க" என்றார் மேலாளர். பூட்டு பார்த்தாள். அண்ணனின் லேப்டாப்பிலிருந்து, பல மதியங்களில், அக்கரைக் கம்பெனியின் இணையதளத்துக்குப் பெரிய பெரிய ஃபைல்கள் போயிருந்தன.

ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள். "என்னண்ணா இது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சந்தேகப்படுகிற ஆளிடம் முன்னாலேயே சொல்லக் கூடாது என்பது ஆபீஸ் விதி. விதியைவிடப் பெரியது அவள் வீம்பு. அண்ணன் என்பதால் மூடி மறைத்தாள் என்று ஒருத்தர் பல்லின் மேல் நாக்கைப் போட்டுப் பேசிவிடக் கூடாதாம்.

இன்று காலை மேலாளர் அண்ணனை நேரில் வரச் சொல்லியிருந்தார்.

"சீனியர் போஸ்ட் விஷயமாத்தான் இருக்கும்" என்றான் அண்ணன், கண்ணாடி முன் நின்று தலைவாரிக்கொண்டே. "ரொம்ப நாளா இழுத்துக்கிட்டே இருந்தாங்க. இல்லாட்டி எதுக்கு நேர்ல கூப்பிடறாங்க?"

அண்ணி இஸ்திரிப் பெட்டியோடு நின்றிருந்தாள். "எந்தச் சட்டை?"

"நீலம்."

"நீலத்துல காலர் நைஞ்சு போச்சு. வீட்டுக்குள்ளேயே உக்காந்திருக்கறதால உங்களுக்குத் தெரியல. வெள்ளையைப் போடுங்க."

"வெள்ளை போட்டா டாக்டர் மாதிரி இருக்கேன்னு நீதானே சொன்னே?"

"அதுக்குத்தான் போடச் சொல்றேன். கொஞ்சம் மரியாதையாவது கிடைக்கும்."

அவன் சிரித்தான். அண்ணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பக்கத்தில் வைத்திருந்த செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். காலையிலிருந்து அதே வேலையாக இருந்தாள். பூட்டு அதைக் கவனித்தாள், ஆனால் அது மண்டையில் ஏறவில்லை. அவள் நினைப்பெல்லாம் ஆபீஸ் மேலேயே இருந்தது.

"பூட்டு, உங்க பக்கம் ஏதாவது பேச்சு அடிபடுதா? உனக்குத் தெரியாம இருக்காதே."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா."

சொன்னதும் காபியை ஒரே மூச்சில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.

பஸ்ஸில் அண்ணன் அவளுக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்தான். முதுகுக்கு ஒரு சின்னத் தலையணையைச் செருகிக்கொண்டு, எதிரே நின்ற ஒரு கிழவரைப் பார்த்துச் சிரித்து, மழை வருமா வராதா என்று அவரோடு வாதம் செய்து, அப்புறம் பூட்டின் பக்கம் திரும்பினான்.

"இது மட்டும் கிடைச்சுதுன்னா, முதல்ல உங்க அண்ணிக்கு ஒண்ணு செய்யணும். அவளை ரொம்ப நாள் காக்க வெச்சுட்டேன்."

"எதுக்கு?"

"அப்புறம் சொல்றேன். கிடைக்கட்டும்."

பூட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அக்கரைக் கம்பெனிக்காரன் பணம் கொடுத்திருக்கும்போது உனக்குச் சீனியர் போஸ்ட் எதற்கு என்று அவளுக்குள் ஒரு கோபம் கிளம்பியது. எவ்வளவு நன்றாக நடிக்கிறான் என்றுகூட நினைத்தாள். கூடப் பிறந்தவனைப் பற்றி அப்படி நினைத்ததை அவள் இந்த ஜென்மத்தில் மறக்கப் போவதில்லை.

*

கூட்ட அறையில் மேலாளரும் பணியாளர் பிரிவு அம்மாளும் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்து நாற்காலியில் பூட்டு. அண்ணன் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தான். தங்கை எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது.

"உக்காருங்க" என்றார் மேலாளர். "சுத்தி வளைக்காம சொல்லிடறேன். உங்க லேப்டாப்புலேர்ந்து வெளிய போன சில விஷயங்களைப் பத்திப் பேசணும். உங்க தங்கச்சியே விளக்கிச் சொல்லட்டும்."

வேறு யாரையாவது வைத்துச் சொல்லுங்கள் என்று பூட்டு முன்கூட்டியே கேட்டிருந்தாள். கண்டுபிடித்தவர்தான் சொல்ல வேண்டும் என்றுவிட்டார் மேலாளர்.

அவள் மேஜையைப் பார்த்துப் பேசினாள்.

"வீட்டுலேர்ந்து ஆபீஸ் சிஸ்டத்துக்குள்ள வர நீ... நீங்க விபிஎன் போடறீங்க."

பிறந்ததிலிருந்து அவனை அவள் நீங்க என்று சொன்னதில்லை. அண்ணன் புருவத்தைத் தூக்கினான்.

"அது ஒரு சுரங்கப்பாதை மாதிரி. ஒரு முனை உங்க லேப்டாப்புல, இன்னொரு முனை நம்ம சர்வர் ரூம்ல. உள்ள போறது எல்லாத்தையும் வேற யாருக்கும் புரியாத மாதிரி மாத்தித்தான் அனுப்பும். அதனால நடுவுல இருக்கிற யாரும், வீட்டுக்கு இன்டர்நெட் கொடுக்கறவங்களோ, காபிக் கடை வைஃபையில பக்கத்துல உக்காந்திருக்கறவனோ, ஒண்ணும் பார்க்க முடியாது."

"தெரியும். அதுக்குத்தானே போடச் சொல்றீங்க?"

"ஆனா அந்தச் சுரங்கம் இங்க வந்துதான் முடியுது. அது ஆன்ல இருக்கும்போது லேப்டாப்புல நீங்க எங்க போனாலும், நியூஸ் படிச்சாலும், படம் பார்த்தாலும், முதல்ல இங்க வந்துட்டுத்தான் வெளிய போகும். அந்தந்த சைட்டு தனியாப் பூட்டி வெச்சிருக்கறதால உள்ள என்ன இருக்குன்னு எங்களுக்கும் தெரியாது. எந்த சைட்டுக்குப் போகுது, எவ்வளவு பெருசுங்கறது பதிவாகும்."

வேறு மாதிரியும் வைக்கலாம். ஆபீஸ் வேலை மட்டும் சுரங்கத்தில் வரட்டும், மற்றதெல்லாம் வீட்டு லைனில் நேராகப் போகட்டும் என்று விட்டுவிடலாம். பல கம்பெனிகளில் அப்படித்தான். இதே அறையில், இதே மேஜையில், எல்லாமே நம் வழியாகத்தான் போக வேண்டும் என்று போன வருஷம் மல்லுக்கட்டி வாங்கியவள் பூட்டு. அன்று மேலாளர் கையைக் குலுக்கிப் பாராட்டியபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"அக்கரைக் கம்பெனி சைட்டுக்குப் போயிருக்கு" என்றார் மேலாளர். "ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். "நானா? சார், எனக்கு அங்க என்ன சார் வேலை? எப்ப?"

"மதியத்துல. சாப்பாட்டு நேரம் முடிஞ்சு."

"மதியத்துலயா?"

"எல்லாமே மதியத்துலதான்."

அண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சொல்லவில்லை. மெதுவாகப் பின்னால் சாய்ந்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. சாப்பிட்டதும் அரைமணி நேரம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, அவன் லேப்டாப்பைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு, கட்டடத்தைச் சுற்றி நடந்துவிட்டு வருவது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பூட்டுக்கும் தெரியும். அவள் அதை இங்கே கொண்டுவந்து முடிச்சுப்போடவே இல்லை. மாட்டிக்கொண்டவன் இப்படித்தான் வாயடைத்துப்போவான் என்று நினைத்தாள்.

"லேப்டாப்பை வேற யாராவது யூஸ் பண்ணாங்களா?" என்று கேட்டார் பணியாளர் பிரிவு அம்மாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அண்ணன் நிமிர்ந்து பூட்டைப் பார்த்தான். ஏதோ கேட்பது போல, ஏதாவது சொல்லேன் என்பது போல. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இல்ல மேடம்" என்றான். "நான்தான்."

"என்ன அனுப்புனீங்க?"

"அதைச் சொல்ல முடியாது சார்."

"யாருக்குச் சொல்ல முடியாது? எங்களுக்கா?" மேலாளரின் குரல் ஏறியது. "இத்தனை வருஷம் சோறு போட்ட இடம்!"

"மன்னிச்சிருங்க சார். நான்தான் அனுப்புனேன். அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று முடிந்தது. இன்றோடு வேலை இல்லை, லேப்டாப்பை வைத்துவிட்டுப் போகலாம், மேல் நடவடிக்கை பற்றிப் பிறகு சொல்லி அனுப்புவார்கள். அண்ணன் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேஜையில் வைத்து, அதன் மேலிருந்த தூசியை வெள்ளைச் சட்டையின் கையாலேயே துடைத்தான்.

பூட்டு லிஃப்ட் வரைக்கும் பின்னாலேயே ஓடினாள்.

"ஏண்ணா இப்படிப் பண்ணே? அண்ணி முகத்துல எப்படி முழிப்பே?"

"நீ உன் வேலையைத்தானே செஞ்சே. விடு." அவன் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது அவளுக்கு. "ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பூட்டு."

"கேட்டிருந்தா மட்டும் உண்மையைச் சொல்லியிருப்பியா?"

"கேட்டிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து யோசிச்சிருப்போம்." லிஃப்ட் வந்தது. "நான் கொஞ்சம் நடந்துட்டு வரேன். வீட்டுல நீ எதுவும் சொல்லாதே. நானே வந்து பேசிக்கறேன்."

*

சொல்லாதே என்றால் சொல்லாமல் இருக்கிறவளா? அரைநாள் லீவு போட்டுவிட்டு நேராக வீட்டுக்குத்தான் போனாள். அண்ணி ஏமாற்றப்பட்டவள், அவளுக்கு முதலில் தெரிய வேண்டும் என்பது பூட்டின் நியாயம். நியாயத்துக்கு அவளிடம் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை.

கதவைத் திறந்த அண்ணியின் முகம் பளிச்சென்று இருந்தது. கையில் செல்போன்.

"நல்லவேளை வந்தே! யார்கிட்டயாவது சொல்லாட்டி தலை வெடிச்சிரும்போல இருக்கு. உள்ள வா, உக்காரு."

"அண்ணி, முதல்ல நான் சொல்லிடறேன்."

"இல்ல, நான்தான் முதல்ல."

"அண்ணாவை வேலையை விட்டு எடுத்துட்டாங்க."

அண்ணி கதவைப் பிடித்தபடி நின்றாள். பூட்டு மூச்சுவிடாமல் கொட்டினாள். ஆர்டர் போனது, மேலாளர் சொன்னது, தான் பார்த்தது, அண்ணன் ஒத்துக்கொண்டது எல்லாவற்றையும் சொன்னாள். "உங்களை நினைச்சாத்தான் அண்ணி எனக்கு மனசு ஆறல. நம்மளை இப்படி முட்டாளாக்கிட்டானே!"

"எந்தக் கம்பெனிக்கு அனுப்புனாராம்?"

"அக்கரைக் கம்பெனிக்கு."

"எப்ப?"

"மதியத்துல. அவன் நடக்கப் போற..."

அவள் வாய் பாதியில் நின்றது.

அண்ணி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "அவர் இல்ல, பூட்டு. நான்."

கல்யாணத்துக்கு முன்னால் அண்ணியும் அதே கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன்தான். கணவனும் மனைவியும் ஒரே பிரிவில் இருக்கக் கூடாது என்று அங்கே ஒரு விதி. இரண்டு பேரில் யார் விடுவது என்று யாரும் உட்கார்ந்து பேசக்கூட இல்லை. அண்ணி விட்டாள். அண்ணனைவிட அவள் வரைவது சுத்தம் என்று அன்றைக்கு ஆபீஸே சொல்லிற்று.

"அக்கரைக் கம்பெனியில ஆள் எடுக்கறாங்கன்னு பார்த்தேன். என் பழைய வரைபடங்களை அனுப்பச் சொன்னாங்க. அதெல்லாம் வரையற சாஃப்ட்வேர்லதான் திறக்கும், அது அவர் லேப்டாப்புலதான் இருக்கு. அப்புறம் ஒரு பரீட்சை வெச்சாங்க. சக்கர நாற்காலியில இருக்கறவங்க வீட்டுக்கு ஒரு சின்ன லிஃப்ட் வரைஞ்சு அனுப்பணும். அவர் நடக்கப் போற நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா வரைஞ்சேன். அவர் கண்ணுல படக் கூடாதுன்னு லேப்டாப்புல எதையும் விட்டு வைக்கல."

"அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி?"

"எத்தனை தடவை சொல்றது? ஒவ்வொரு தடவையும் 'இப்ப எதுக்கு, கொஞ்ச நாள் போகட்டும்'னு சிரிச்சுக்கிட்டே தள்ளிப் போட்டார். அதுவும் போட்டிக் கம்பெனி. கிடைச்சா சொல்லிக்கலாம், கிடைக்கலன்னா யாருக்கும் தெரியாமலே போகட்டும்னு நினைச்சேன்." அண்ணி நிமிர்ந்தாள். "ஆனா இது எப்படித் தெரிஞ்சுது? நான் அவ்வளவு ஜாக்கிரதையா இருந்தேனே! அந்தப் பச்சைக் கேடயம் எரியாத நேரத்துல நான் ஒரு தடவைகூட அனுப்பல."

பூட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

லேப்டாப்பின் மூலையில் கேடயம் போல ஒரு சின்னப் படம். விபிஎன் ஓடினால் பச்சை, இல்லையென்றால் சாம்பல் நிறம். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அது என்ன என்று அண்ணி கேட்டாள். பூட்டு வாயில் சோற்றோடு சொன்னாள்: "அது எரிஞ்சுதுன்னா நீங்க என்ன பண்றீங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது அண்ணி." அதோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

"டிவியில வர விளம்பரத்துலயும் அதைத்தானே சொல்றாங்க?" என்றாள் அண்ணி. "விபிஎன் போட்டா யாரும் பார்க்க முடியாதுன்னு. வெளிநாட்டுப் படம்கூடப் பார்க்கலாம், நாம எங்க இருக்கோம்னே கண்டுபிடிக்க முடியாதுன்னு."

"அது நாம வாங்கிப் போட்டுக்கறது அண்ணி. அந்தச் சுரங்கம் விக்கறவன்கிட்ட போய் முடியும். அவன் ஊர்லேர்ந்து நாம வெளிய வர மாதிரி தெரியும். அங்கயும் அவன் நினைச்சா எங்க போறோம்னு பார்க்கலாம். இது ஆபீஸ் போட்டது, இது ஆபீஸ்ல வந்து முடியும். எந்த விபிஎன்னா இருந்தாலும் அந்த முனையில ஒருத்தர் இருப்பாங்க. இதுல அது நான்தான்."

"அப்ப அந்தக் கேடயம் எரியாதப்ப அனுப்பியிருந்தா?"

பூட்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லு பூட்டு. என்ன ஆகியிருக்கும்?"

"நேரா வீட்டு லைன்ல போயிருக்கும். ஆபீஸுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

அண்ணி சிரித்தாள். அதற்குச் சிரிப்பு என்றுதான் பெயர் சொல்ல வேண்டும். ஒரு நாள் வலைத் தொடர்பு படுத்திக்கொண்டே இருந்ததால் கேடயம் பச்சையாக மாறவே இல்லையாம். அன்றைக்கு அவள் எதையும் அனுப்பாமல், ஜன்னல் வழியே அவன் திரும்பி வருவதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மூடிவிட்டு எழுந்துவிட்டாளாம். அவ்வளவு கவனம்.

மிச்சப் பாதியையும் சேர்த்துச் சொல்லியிருந்தால்? 'எங்களைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது' என்று இன்னும் இரண்டே இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல அன்றைக்கு அவளுக்கு என்ன அவசரம்? அவளைத் தேடி ஒருத்தரும் வரவில்லை, அடுப்பில் எதுவும் கொதிக்கவில்லை. தனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்கிற ஒரு மெத்தனம், அவ்வளவுதான். பூட்டு தலையில் அடித்துக்கொண்டாள்.

உடனே மேலாளருக்குப் போன் போட்டாள். நடந்ததைக் கோவையாகச் சொல்ல வராமல் முன்னும் பின்னுமாக உளறினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க அண்ணனே ஒத்துக்கிட்டாரேம்மா."

"அண்ணியைக் காப்பாத்தறதுக்காக ஒத்துக்கிட்டிருக்கான் சார். அதுல நம்ம வரைபடம் எதுவுமே இல்ல. எல்லாம் அண்ணி வரைஞ்சது."

"உள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியாதுன்னு காலையில நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா சார், ஆனா..."

"இதோ பாருங்க. காலையில நீங்க சொன்னதை நான் முழுசா நம்பினேன். ஏன்னா சொந்த அண்ணனைப் பத்தியே சொன்னீங்க. இப்ப சாயங்காலத்துக்குள்ள வேற மாதிரி சொல்றீங்க. தங்கச்சி அண்ணனுக்காகப் பேசறாங்கன்னுதானே யாருக்கும் தோணும்?"

எந்தப் பேச்சுக்குப் பயந்து வீட்டில் வாயைத் திறக்காமல் இருந்தாளோ, அதே பேச்சு. இப்போது உண்மையைச் சொல்லும்போது வந்து குறுக்கே நிற்கிறது.

"அக்கரைக் கம்பெனியில கேட்டுப் பாருங்க சார். என்ன வந்துச்சுன்னு அவங்க சொல்லுவாங்க."

"அவங்க எதுக்கு நமக்குச் சொல்லணும்? சரி, கேக்கறேன்னே வெச்சுக்குங்க. இந்தம்மா வீட்டுல இப்படி ஒரு விவகாரம்னு தெரிஞ்சா, அவங்களை அங்க எடுப்பாங்களா? எடுத்துட்டாங்கன்னா அது இன்னும் மோசம். வரைபடத்தைக் கொடுத்ததுக்கு வேலை கொடுத்தாங்கன்னு நம்ம ஆபீஸ் முழுக்கப் பேசும்."

போனை வைத்துவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அண்ணியும் எல்லாவற்றையும் கேட்டாள்.

"நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே அண்ணி" என்றாள் பூட்டு. அப்போதுதான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது. "கதவைத் திறக்கும்போது."

அண்ணி செல்போனை அவள் பக்கம் நகர்த்தினாள்.

அக்கரைக் கம்பெனியிலிருந்து வந்த செய்தி. சக்கர நாற்காலி லிஃப்ட் வரைபடம் மிகவும் பிடித்திருக்கிறது, வேலை உங்களுக்குத்தான், நாளைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். பூட்டு அதை இரண்டு முறை படித்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்ததில் மூன்றாவது முறை படிக்க முடியவில்லை.

"அண்ணி..."

"அழாதே. நீ அழுதா நானும் அழுதுருவேன். அவர் வர நேரம்."

*

அண்ணன் வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. முதுகைப் பிடித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினான். இரண்டு பெண்களும் மேஜையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தான். இருவர் முகத்தையும் பார்த்தான்.

"சொல்லிட்டியா, பூட்டு? சொல்லாதேன்னேனே."

"மன்னிச்சிருண்ணா" என்றாள் அவள். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "எல்லாம் என்னாலதான். நான் ஒழுங்கா..."

"போதும் விடு. சுவரைப் பார்த்துப் பேசாதே. தண்ணி கொடு."

தண்ணீரைக் குடித்துவிட்டு மனைவிக்கு எதிரே உட்கார்ந்தான். அப்புறம் சொன்னான்: "அக்கரைக் கம்பெனின்னு மேலாளர் வாயைத் திறந்து, மதியம்னு சொன்னதுமே புரிஞ்சுது. நம்ம வீட்டுல வரையத் தெரிஞ்சவங்க வேற யாரு? நீ வேலைக்குத்தான் எழுதிப் போட்டிருப்பேன்னு தோணுச்சு."

"அப்பவே என் பேரைச் சொல்லியிருக்கலாமே?" என்றாள் அண்ணி. "எதுக்கு உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டீங்க?"

"சொன்னா அடுத்த நிமிஷமே அங்க போன் போட்டுக் கேப்பாங்க. உன் பேரும் கெடும். எனக்குப் போனது போனதுதான், லேப்டாப்பைத் திறந்து போட்டுட்டுப் போனது என் தப்பு. உனக்காவது கிடைக்கட்டும்னு நினைச்சேன்." அவன் மேஜையைத் தடவினான். "நான் சரியில்ல. ஒவ்வொரு தடவையும் நீ கேட்டப்ப சிரிச்சே சமாளிச்சேன். சீனியர் போஸ்ட் வந்ததும் நானே உன்னை எங்கயாவது சேர்த்து விடணும்னு இருந்தேன். நீ என்னைவிட நல்லா வரைவே. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சதாலதான் தள்ளிப் போட்டேனோ என்னவோ."

இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து இது வந்ததில்லை. அண்ணி அவனையே பார்த்தாள். இதைப் போன மாதம் சொல்லியிருக்கக் கூடாதா என்று பூட்டு நினைத்தாள். அவரவர் சொல்ல வேண்டியதை அவரவர் ஒரு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் இந்த மேஜையில் இன்று மூன்று பேரும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"சரி, அதை விடு." அண்ணன் முன்னால் குனிந்தான். நாளெல்லாம் அலைந்து களைத்த முகத்தில் ஒரு ஆவல் வந்து உட்கார்ந்தது. "என்ன ஆச்சு? ஏதாவது பதில் வந்துதா? கிடைச்சுதா?"

மேஜையின் மேல் செல்போன் இருந்தது. அண்ணி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். 'எடுத்துட்டாங்கன்னா அது இன்னும் மோசம்' என்று மேலாளர் சொன்னதை அவளும் கேட்டிருந்தாள்.

பூட்டு அவளைப் பார்த்தாள். சொல்லுங்கள் அண்ணி, சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கத்தினாள். நாளைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்ததே.

"வந்துது" என்றாள் அண்ணி. "கிடைக்கலைங்க. வேற யாரையோ எடுத்துட்டாங்களாம்."

அண்ணன் நாற்காலியில் சாய்ந்தான். அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டான்.

"மடப்பசங்க" என்றான். "உன்னை விட்டுட்டு வேற யாரைப் பிடிச்சு வரைஞ்சுடப் போறாங்க?"